தலைச்சுற்றும் தள்ளாட்டமும்: கொழும்பில் எங்கே போவது, எதைச் சொல்வது, எந்தப் பரிசோதனையைச் செய்வது

அதிகாலை நான்கரை மணியளவில் கட்டிலில் வலப்பக்கம் புரண்டு படுத்த அம்மாவுக்கு, மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியோடு சேர்ந்து கூரையும் சுவரும் சுழலத் தொடங்கின. இரு கைகளாலும் மெத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணை இறுக மூடிக் கிடந்தார். அரை நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் அதன் பிறகு வந்த ஏழு மாதங்கள் அடங்கவில்லை. ஒருவர் பிரஷர் குளிசையை மாற்றினார். இன்னொருவர் கழுத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, எலும்புத் தேய்மானம் என்று கூறிக் கழுத்துப்பட்டி போடவைத்தார். உறவினர்கள் பித்தம் என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணீரும் கொத்தமல்லியும் கொடுத்தார்கள். கடைசியாக ஒரு வைத்தியர்தான், “எந்தப் பக்கம் திரும்பும்போது வருகிறது? எத்தனை விநாடி நிற்கிறது?” என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விகளும் அதற்கு முன் எவராலும் கேட்கப்படவில்லை. நாங்களாகவும் எவருக்கும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் நோய் எதுவென்று தெரிந்தது.

கொழும்பில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஏழு மாதங்களைக் கடக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தலைச்சுற்றைப் பொறுத்தவரை, பெரும்பாலான விடைகள் இயந்திரத்திலிருந்து வருவதில்லை. நோயாளி சொல்லும் விவரத்திலிருந்தும், வைத்தியர் கட்டிலருகே செய்யும் எளிய பரிசோதனைகளிலிருந்துமே வருகின்றன. ஆகவே ஆயத்தம் வீட்டிலேயே தொடங்குகிறது.

காத்திருக்கக் கூடாத தலைச்சுற்று

வேறெதையும் படிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தலைச்சுற்றுடன் முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு கை அல்லது காலில் பலவீனமோ விறைப்போ தோன்றுதல், பொருட்கள் இரண்டாகத் தெரிதல், விழுங்க முடியாமை, முன்பு ஒருபோதும் வராத கடுமையான தலைவலி அல்லது பிடரிவலி, நெஞ்சுவலி, சுயநினைவிழப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பலரும் அறியாத ஓர் அடையாளமும் உண்டு. திடீரெனத் தொடங்கி விடாமல் நீடிக்கும் தலைச்சுற்றுடன், பிடிமானமின்றி எழுந்து நிற்கவோ நடக்கவோ முடியாமற் போனால், கை கால்களில் பலவீனம் இல்லாவிட்டாலும் அது சிறுமூளையில் ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம்.

அந்த நேரத்தில் ஓட்டோவைத் தேடி ஓடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நோயாளி கடைசியாக எப்போது சாதாரணமாக இருந்தார் என்பதை மணிக்கணக்கில் குறித்துவையுங்கள். மூளையின் இரத்தக் குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், அவசரப் பிரிவில் முதலில் கேட்கப்படும் கேள்வியும் அதுவாகவே இருக்கும். சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நிம்மதியடைந்துவிடவும் கூடாது. மூளையின் பின்பகுதியில் ஏற்படும் பக்கவாதம் முதல் மணித்தியாலங்களில் சி.டி.யில் பெரும்பாலும் புலப்படுவதில்லை, எம்.ஆர்.ஐ. கூட முதல் ஓரிரு நாட்களில் சில வேளை தவறவிடும். நோயாளியால் இன்னும் நிற்க முடியவில்லை என்றால் அதை வைத்தியரிடம் மறுபடியும் சொல்லுங்கள்.

ஒரு காது திடீரென்று கேளாமற் போவதும் அவசரமே. காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டுக் காலம் கடத்துவோர் பலர். உட்செவி நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீரொயிட் சிகிச்சையை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கேட்கும் திறனை மீட்கும் வாய்ப்பு உண்டு. அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை வைத்தியரைக் கண்டாக வேண்டும்.

மழைக்காலக் கொழும்பில் மறக்கக் கூடாத இன்னொன்று டெங்கு. சில நாட்கள் காய்ச்சல் இருந்து, அது தணியும் தறுவாயில் எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுத்தால், கூடவே வயிற்றுவலியோ, ஓயாத சத்தியோ, சிறுநீர் குறைவோ இருந்தால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஆறுதலடையாமல் உடனே வைத்தியசாலையில் காட்டுங்கள். ஆபத்தான கட்டம் தொடங்குவது அப்போதுதான்.

முதலாம் படி: கிறுதியைப் பிரித்துச் சொல்லுதல்

“தலை கிறுதியா இருக்கு” என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல உணர்வுகளை அடக்கிவிடுகிறோம். சூழ இருப்பவை அல்லது நாமே சுழல்வது ஒன்று. கண் இருண்டு, விழுந்துவிடுவேன் என்று தோன்றுவது இன்னொன்று. இது பெரும்பாலும் இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, சீனி, இதயத் துடிப்பு ஆகியவற்றோடு தொடர்புடையது. தலை தெளிவாக இருந்தும் நடக்கும்போது கால் தள்ளாடுவது மூன்றாவது. கால் நரம்புகள், சிறுமூளை, இரு பக்க உட்செவி ஆகியவற்றில் ஏதோ ஒன்றை அது சுட்டலாம்.

கொழும்பில் இந்தப் பிரிப்பு இன்னொரு காரணத்தாலும் முக்கியமாகிறது. சிங்களம் மட்டும் பேசும் வைத்தியரிடமோ தாதியிடமோ நாம் அரைகுறையாக விளக்கும்போது ஒன்று மற்றொன்றாகிவிடுகிறது. தலை சுற்றுவதைச் சிங்களத்தில் ‘கரகெவில்ல’ என்பார்கள்; மயக்கம் போடுவது ‘க்ளாந்தய’. அம்மாவின் பழைய மருந்துச்சீட்டுகளில் ஒன்றில் மயக்கம் என்று பொருள்படும் சொல்லே எழுதப்பட்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். அவர் ஒருநாளும் மயங்கியதில்லை. அந்த ஒரு சொல்லால் ஈ.சி.ஜி.யும் பிரஷர் குளிசையும் முன்னுக்கு வந்தன, காது பின்னுக்குப் போனது. மொழி தடுமாறும் என்று தோன்றினால், விவரத்தைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஐந்தாறு வரிகளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ஆயினும் உணர்வை விவரிப்பதைவிட உறுதியான தடயங்கள் இரண்டு உண்டு. எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது ஒன்று. எது செய்யும்போது வருகிறது என்பது மற்றது. கட்டிலில் புரளும்போதும், படுக்கும்போதும், அலுமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் நிற்குமாயின், உட்செவியில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் கால்வாய் ஒன்றினுள் விழுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். 20 நிமிடம் முதல் 12 மணித்தியாலம் வரை நீடித்து, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் கேள்திறன் ஏற்ற இறக்கமும் சேர்ந்து வந்தால் மெனியர் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பிரெஞ்சு வைத்தியர் புரொஸ்பர் மெனியர் 1861இலேயே இது காதிலிருந்து வருவதென்று எடுத்துக்காட்டினார். ஐந்து நிமிடம் முதல் மூன்று நாள் வரை எப்படியும் நீடித்து, வெளிச்சமும் சத்தமும் சகிக்க முடியாமல் இருந்தால், தலைவலி இல்லாத நாளிலும் அது ஒற்றைத்தலைவலியின் ஒரு வடிவமாக இருக்கலாம். தடிமன் காய்ச்சல் போன்ற ஒன்றுக்குப் பின் நாட்கணக்கில் விடாது சுற்றி, காது மட்டும் நன்றாகக் கேட்டால், சமநிலை நரம்பின் அழற்சி நினைவுக்கு வரும். ஆனால் மேலே சொன்ன பக்கவாத அடையாளங்கள் இல்லையென்று வைத்தியர் உறுதிப்படுத்திய பின்னரே.

இவற்றை வைத்து நீங்களே நோயைத் தீர்மானிக்க வேண்டாம். ஒரு சிறு கொப்பியில் திகதி, நேரம், செய்துகொண்டிருந்த வேலை, நீடித்த அளவு, காதில் உணர்ந்தவை ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பு போதும். விநாடிகளை ஊகிக்காமல் வீட்டில் இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள், ஏனெனில் சுற்றும்போது பத்து விநாடியும் பத்து நிமிடமாகத் தோன்றும்.

இரண்டாம் படி: வீட்டில் அளக்கக்கூடியவை

பிரஷர் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து ஒரு முறை அளவெடுங்கள். பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் எழும்போது இரத்த அழுத்தம் விழுகிறது என்று பொருள். பிரஷர் குளிசை, புரொஸ்டேட்டுக்கான குளிசை, நித்திரைக் குளிசை ஆகியவற்றை எடுக்கும் முதியவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். கட்டிலில் இருந்தபடி மட்டுமே பிரஷர் பார்ப்பதால் இது தப்பிவிடுகிறது. அளக்கும்போது அருகில் ஒருவர் நிற்கட்டும். அளவைக் கண்டு நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர் சுற்றும் நேரத்திலேயே சீனியைப் பார்க்க வேண்டும். 70 mg/dLக்குக் கீழே இருந்தால் முதலில் சீனித் தண்ணீர், பிறகு மற்றவை. வெள்ளிக்கிழமை விரதமோ கந்தசஷ்டியோ பிடிப்பவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. குளிசையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்த நாட்களில் வரும் கிறுதிக்கு வேறு காரணம் தேட வேண்டியிராது.

இன்னொரு உதவி உங்கள் கையிலிருக்கும் தொலைபேசி. சுற்று வரும்போது அறை விளக்கைப் போட்டு, நோயாளியின் கண்களைத் திறக்கச் சொல்லி, இரு கண்களும் நெருக்கமாகத் தெரியும்படி அரை நிமிடம் வீடியோ எடுங்கள். கருவிழி எந்தத் திசையில் துடிக்கிறது என்பது வைத்தியருக்குப் பெரும் தடயம். வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது அந்தத் துடிப்பு நின்றுவிட்டிருக்கும்.

மூன்றாம் படி: யாரிடம் போவது

அவசரம் இல்லாத நிலையில், உங்களை ஏற்கெனவே அறிந்த குடும்ப வைத்தியரிடம் தொடங்குவதே நல்லது. இரத்தச் சோகை, சீனி, பிரஷர், குளிசைகளின் பக்கவிளைவு ஆகியவற்றை அவரே பார்த்துவிடுவார்; தேவையானால் நிபுணருக்குக் கடிதமும் தருவார். அரசாங்க வழியில் போவதாயின், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று அங்கிருந்து காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்பப்படலாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. சிறுவர்களுக்குப் பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. கட்டணம் இல்லை, ஆனால் காத்திருப்பு உண்டு. அதிகாலையில் போய் இலக்கம் எடுக்க வேண்டிவரும். சுற்றுள்ளவரை வரிசையில் நிற்கவைக்காமல் கூட வந்தவர் நிற்கட்டும்.

பணம் கொடுத்துத் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணுவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, நேராக நரம்பியல் நிபுணரிடம் போய் மூளை ஸ்கேனைக் கேட்பதுதான். சுழற்சி, காது இரைச்சல், அசைவினால் வரும் சுற்று என்றால் காது மூக்கு தொண்டை நிபுணர். தள்ளாட்டம், தலைவலி, உடலில் விறைப்பு என்றால் நரம்பியல் நிபுணர். கண் இருண்டு விழுவது என்றால் பொது மருத்துவர் அல்லது இதய நிபுணர். இலக்கம் எடுக்கும்போதே, அங்கே கேட்டல் பரிசோதனையும் சமநிலைப் பரிசோதனையும் செய்யும் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், ஏனெனில் எல்லா இடத்திலும் அது இல்லை.

போகும்போது குளிசைப் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாமல், குளிசைகளையே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கிளினிக் கொப்பி, பழைய அறிக்கைகள், மேலே சொன்ன குறிப்புக் கொப்பி ஆகியவையும் கூடவே இருக்கட்டும். முன்பு எப்போதாவது ஜென்டமைசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நாட்கணக்கில் போடப்பட்டிருந்தால் அதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். உட்செவியைப் பாதிக்கும் மருந்துகள் அவை.

நான்காம் படி: கட்டிலருகே நடக்கும் பரிசோதனை

நல்ல வைத்தியர் உங்களை நடக்கவைப்பார், கண்ணை மூடி நிற்கவைப்பார், விரலைப் பின்தொடர்ந்து பார்க்கச் சொல்வார், உங்கள் தலையைப் பிடித்துச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். இந்த எளிய அசைவுகள் காது நரம்பையும் சிறுமூளையையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன.

அம்மாவுக்கு விடை தந்தது டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனை. லண்டனில் பணியாற்றிய மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் இருவரும் 1952இல் விவரித்தது அது. நோயாளியைக் கட்டிலில் நிமிர்ந்து உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, பின்னால் வேகமாகச் சாய்த்து, தலை கட்டிலின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி பிடித்துக்கொள்வார்கள். கண்ணை மூடக் கூடாது. இரண்டு மூன்று விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு அம்மா என் கையை இறுக்கினார். கருவிழிகள் நெற்றியை நோக்கியும் தரைப்பக்கக் காதை நோக்கியும் முறுக்கித் துடிக்கத் தொடங்கின, இருபது விநாடியளவில் ஓய்ந்தன. “இதுதான், இதேதான்” என்று அவர் சொன்னார். ஏழு மாதமாக விவரிக்க முடியாததை அந்தக் கண்களில் நானும் பார்த்தேன்.

அதே கட்டிலிலேயே சிகிச்சையும் நடந்தது. தலையை ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்துப் படிப்படியாக மறுபக்கம் திருப்பி, துகள்களைக் கால்வாயிலிருந்து வெளியேற்றும் இந்த முறை, அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லியின் பெயரால் அழைக்கப்படுகிறது. பெரும்பாலானோருக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைகளில் குணம் தெரியும். கழுத்து, முதுகெலும்பு, கண்விழித்திரை ஆகியவற்றில் நோய் இருந்தால் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். வீடியோவைப் பார்த்து வீட்டில் தாமாகச் செய்பவர்களை நான் குறைகூறவில்லை. ஆனால் எந்தக் காது என்று தெரியாமல் செய்வதில் பயனில்லை, முதல் தடவை ஒருவர் கண்களைப் பார்த்துச் செய்வதே சரி.

ஐந்தாம் படி: இயந்திரப் பரிசோதனைகள்

எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை. இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. ஆகியவை எளிதில் முடிபவை. ஓடியோகிராம் எனப்படும் கேட்டல் பரிசோதனையில், சத்தம் புகாத சிறு அறையில் காதில் மாட்டிய ஹெட்போனோடு இருந்து, மெல்லிய ஒலி கேட்கும் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்த வேண்டும். சுற்று காதிலிருந்து வருகிறது என்ற சந்தேகம் இருந்தால் இது இல்லாமல் முடிவுக்கு வரக் கூடாது.

வி.என்.ஜி. என்ற பரிசோதனையில், அகச்சிவப்புக் கமெரா பொருத்திய கண்ணாடியை அணிவித்து, கருவிழியின் அசைவைப் பதிவு செய்வார்கள். முதலில் ஓடும் புள்ளியைப் பார்க்க வேண்டும்; பிறகு தலையையும் உடலையும் பல நிலைகளில் வைப்பார்கள்; இறுதியில் ஒவ்வொரு காதுக்குள்ளும் குளிர்ந்த, வெதுவெதுப்பான நீரையோ காற்றையோ செலுத்துவார்கள். நீர் என்றால் 30, 44 பாகை செல்சியஸ். உடல் வெப்பத்திலிருந்து கூடியும் குறைந்தும் இருப்பதால் உட்செவித் திரவம் அசைந்து, ஓரிரு நிமிடம் சுற்றும். காதைக் கழுவும் நீரின் வெப்பம் மாறினால் கண்துடிப்பின் திசையும் மாறுவதைக் கவனித்து இதற்கு விளக்கம் தந்தவர் வியன்னாவின் றொபர்ட் பாரனி; சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக அவருக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சுற்று வருவதுதான் நல்ல அறிகுறி, அந்தக் காது வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். இதை முன்கூட்டியே சொல்லாததால் பயந்து பாதியில் எழுந்து போனவர்களை அறிவேன்.

சுவரில் ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கவைத்துத் தலையைச் சட்டென்று சிறிது திருப்பும் பரிசோதனையும், கழுத்துத் தசையில் ஒட்டுவில்லைகளை வைத்துக் காதில் டிக் டிக் என்ற ஒலி எழுப்பும் பரிசோதனையும் உண்டு. இரண்டும் வலியற்றவை.

ஆயத்தம் முக்கியம். சுற்றை அடக்கும் ஸ்டெமெட்டில், சின்னரிசின் போன்றவற்றைப் பொதுவாக 48 மணித்தியாலம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லையேல் முடிவு பிழைக்கும். ஆனால் வைத்தியரைக் கேட்டே நிறுத்துங்கள். பிரஷர், நீரிழிவு, இதயம், வலிப்பு ஆகியவற்றுக்கான குளிசைகளைத் தொடவே வேண்டாம். கண்மை, மஸ்காரா இருந்தால் கமெரா அதைக் கருவிழி என்று தவறாக எடுத்துக்கொள்ளும். முதல் நாளிரவே நன்றாகக் கழுவுங்கள். உணவு இலேசாக இருக்கட்டும். வீடு திரும்ப உடன் ஒருவர் வேண்டும். காலி வீதியில் பஸ்ஸில் நின்று போகும் நாள் அதுவல்ல.

எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது, ஒரு காதில் மட்டும் கேள்திறன் குறைந்திருக்கும்போதும் மூளை தொடர்பான அடையாளம் இருக்கும்போதுமே. உள்ளே செல்லுமுன் தோடு, தாலிக்கொடி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்றுவது அம்மாவின் வயதுப் பெண்களுக்கு எளிதல்ல என்பதால் முதல் நாளே அவரிடம் பேசி, மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போனோம். அன்றைய பதற்றம் பாதியாகக் குறைந்தது. பேஸ்மேக்கரோ பழைய உலோகத் தகடோ உடலில் இருந்தால் முன்பதிவிலேயே சொல்லுங்கள்.

கழுத்து எக்ஸ்ரே பற்றி என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த எவருக்கு எடுத்தாலும் ஏதோ தேய்மானம் தெரியும். சுழலும் தலைச்சுற்றுக்கு அதைக் காரணமாகக் காட்டினால், கண்கள் பரிசோதிக்கப்பட்டனவா என்று மரியாதையுடன் கேளுங்கள்.

ஆறாம் படி: விடை தெரிந்த பின்

சுற்றை அடக்கும் குளிசைகள் முதல் சில நாட்களுக்குரியவை. மாதக்கணக்கில் எடுத்தால் மூளை புதிய சமநிலையைக் கற்றுக்கொள்வது தாமதமாகும். முதியவர்களுக்கு ஸ்டெமெட்டில் நடுக்கத்தையும் மந்தத்தையும் தரக்கூடும். மருந்துச்சீட்டை வைத்துப் பார்மசியில் மீண்டும் மீண்டும் வாங்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். சமநிலை நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்மையான மருந்து, சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபி நிபுணர் சொல்லித்தரும் தலை, கண் அசைவுப் பயிற்சிகள். முதல் வாரத்தில் சுற்று கூடும். அதனால் பயந்து விட்டுவிடக் கூடாது. தொடர்ந்து படுத்திருப்பது குணத்தைத் தள்ளிப்போடும்.

அதுவரை குளியலறையில் வழுக்காத விரிப்பும் பிடியும், இரவில் ஒரு சிறு விளக்கும், எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பதும் போதும். மோட்டார் சைக்கிளும் ஏணியும் வேண்டாம்.

துகள் இடம்பெயர்வு மீண்டும் வரக்கூடியது. அம்மாவுக்குப் பதினான்கு மாதத்தின் பின் வந்தது. இம்முறை அவர் கொப்பியில் தாமே எழுதியிருந்தார்: “வலப்பக்கம் புரளும்போது, 20 விநாடி, காது நன்றாகக் கேட்கிறது, சத்தி இல்லை.” அந்தப் பக்கத்தை வைத்தியரிடம் நீட்டினோம். அவர் வாசித்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் கட்டிலைக் காட்டினார்.